ஊட்டியில் 3 நாள் கருத்தரங்கு: பேப்பர், ஆபீஸ் வேலை, ஆள் பழக்கம், மூன்றையும் எப்படிச் சமாளிப்பது?

மண்வாசம் கேட்டது:

வணக்கம். நவம்பர் கடைசி வாரம் வியாழன் முதல் சனி வரை ஊட்டியில் மண்வளம் பற்றிய கருத்தரங்கு ஒன்று. வியாழன் மாலை எனக்கு ஒரு போஸ்டர், அதாவது ஆய்வைப் பெரிய சுவரொட்டியாக மாட்டி, பக்கத்தில் நின்று வருபவர்களுக்கு விளக்க வேண்டும். வெள்ளி மதியம் 2.30 அமர்வில் 12 நிமிடப் பேச்சு, 3 நிமிடம் கேள்வி. சென்னையிலிருந்து வருகிறேன்.

ஆபீஸ் விடுப்பு தரவில்லை, ஆன் டியூட்டிதான். தினமும் இரண்டு மணி நேரம் மெயிலும் போனும் இருக்கும். வெள்ளி இரவுக்குள் ஓர் அறிக்கையும் அனுப்பியாக வேண்டும். இந்தத் துறையில் நான்கைந்து பேரை நேரில் பார்த்துப் பேச இதைவிட நல்ல வாய்ப்பு வராது. கூட வரும் மூன்று பேரோ இப்போதே தொட்டபெட்டா, பைக்காரா என்று வாட்ஸ்அப்பில் திட்டம் போடுகிறார்கள்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது? இரவு விருந்து, கேம்ப் ஃபயர் இதிலெல்லாம் எவ்வளவு நேரம் இருக்கலாம்? வியாழன் காலை மலை ரயிலில் வந்து இறங்கினால் சரியாக இருக்குமா?

வரப்பு எழுதியது:

ரயிலை முதலில் முடித்துவிடுவோம். நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம் வரும். மலை ரயில் 7.10க்குக் கிளம்பும். தூரம் 46 கிலோமீட்டர்தான், ஆனால் கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளம், பின்னாலிருந்து இன்ஜின் தள்ள வேண்டும். ஊட்டி வந்து சேரும்போது நண்பகல் ஆகிவிடும். அதற்குள் பதிவு, துவக்க விழா, முதல் சிறப்புரை மூன்றும் போயிருக்கும். புதன்கிழமையே மேலே வந்துவிடுங்கள். புதன் இரவு ஊட்டியில் தூங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சமவெளியிலிருந்து வருபவர்களில் பலருக்கு முதல் இரவு தூக்கம் சரியாக வராது. அந்தக் கெட்ட இரவை நிகழ்ச்சி தொடங்கும் முன்பே கழித்துவிடுவது லாபம்.

அடுத்தது நேரம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்து மணிக்கணக்கில் கூறு போடாதீர்கள், முதல் நாளே அது சரியும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, மலர் வெளியீடு, பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை. 11க்கு முடியும் என்று அச்சடித்திருப்பார்கள், 11.40 ஆகும். டீ நகரும், சிறப்புரை நகரும், சாப்பாடு இரண்டு மணியைத் தொடும். ஆகவே வியாழன் காலை 11 முதல் 2 வரை எவருக்கும் போன் நேரம் கொடுக்காதீர்கள். ஆபீஸ் வேலையை நகராத நேரத்தில் வைக்க வேண்டும். இந்த மூன்று நாளில் நகராத நேரம் என்றால் விடியற்காலை மட்டும்தான்.

5.30 முதல் 7 வரை அறையில் உட்கார்ந்தால் மெயில் முழுவதும் முடியும். பல விடுதிகளில் வெந்நீர் காலையில் குறிப்பிட்ட நேரம்தான் வரும், ஆறு முதல் எட்டு, ஒன்பது என்று. சேரும்போதே கேட்டுவைத்து, குளியலை வேலைக்கு முன்னா பின்னா என்று முடிவு செய்யுங்கள். மீதி அரை மணியை மதிய உணவின் கடைசியில் போனுக்கு வையுங்கள். ஆபீசுக்கு முன்கூட்டியே ஒரே ஒரு செய்தி: "வியாழன் முதல் சனி வரை மெயிலுக்குக் காலை 7 மணிக்குள் பதில் வரும். பகலில் வருவதற்கு மறுநாள் காலை. உடனடி என்றால் போன் செய்யுங்கள், எடுக்காவிட்டால் குறுஞ்செய்தி போடுங்கள்." இதை அனுப்பாமல் போனால் நாள் முழுக்கத் திரையைத் தடவிக்கொண்டே இருப்பீர்கள். எதிரில் நிற்பவர் அதைக் கவனிப்பார்.

அறிக்கைக்கு வெள்ளி இரவு கெடு என்பதை மறந்துவிடுங்கள். வெள்ளி மதியம் பேச்சு, இரவு விருந்து. நடுவில் அறிக்கை எழுத உட்கார்ந்தால் மூன்றுமே அரைகுறையாகும். அட்டவணை, படம், கணக்கு எல்லாம் சென்னையிலேயே முடிய வேண்டும். வியாழன் விடியலில் முடிவுரை, வெள்ளி காலை 6.30க்கு அனுப்புதல். கோப்புகள் மடிக்கணினியிலும் பென் டிரைவிலும் இருக்கட்டும். இருநூறு டெலிகேட்டுகள் ஒரே வைஃபையில் ஏறும்போது கிளவுடில் இருப்பது கைக்கு வராது.

எல்லா அமர்விலும் உட்கார வேண்டியதில்லை. இணை அமர்வுகள் ஆறு என்றால் நான்கு போதும். ஒன்றை வேலைக்கு விடுங்கள், ஒன்றைத் தாழ்வாரத்தில் ஆட்களோடு பேசுவதற்கு விடுங்கள். ஆனால் நீங்கள் பேசும் அமர்வில் மட்டும் முதல் ஆள் தொடங்குவதிலிருந்து கடைசி ஆள் முடிக்கும் வரை இருங்கள். தன் பேச்சு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போவது நம்மிடம் உள்ள பெரிய கெட்ட பழக்கம். அந்த அறையில் இருக்கும் ஏழெட்டுப் பேர்தான் உங்கள் தலைப்புக்கு மிக நெருக்கமானவர்கள். நீங்கள் அவர்களைக் கேட்டால்தான் அவர்கள் உங்களிடம் பேசுவார்கள்.

பார்க்க வேண்டியவர்களுக்கு ஒரு வாரம் முன்பே மெயில் போடுங்கள், நான்கு வரிக்கு மேல் வேண்டாம். யார் நீங்கள், அவருடைய எந்தக் கட்டுரையில் எந்த இடம் உங்களுக்குப் பயன்பட்டது, என்ன ஒரு கேள்வி, வியாழன் போஸ்டர் நேரத்தில் பத்து நிமிடம் கிடைக்குமா. "நேரம் இருந்தால் சந்திக்கலாம்" என்று எழுதினால் யாருக்கும் நேரம் இருக்காது. சிறப்புரை முடிந்ததும் மேடைக்குக் கீழே பத்துப் பேர் செல்ஃபிக்கு நிற்பார்கள், அங்கே போய் நிற்காதீர்கள். அந்தப் பேராசிரியரின் ஆய்வு மாணவர் யாரென்று பார்த்து அவரைப் பிடியுங்கள். சோதனையை உண்மையில் செய்தவர் அவர். எந்த அமிலம், எத்தனை மணி நேரம், எங்கே தவறிப்போனது என்பது அவருக்குத்தான் தெரியும். உட்கார்ந்து பேச நேரமும் அவரிடம் இருக்கும்.

கேத்திக்காரன் எழுதியது:

வரப்பு சார் சொன்ன ரயில் கணக்கு சரிதானுங்க, ஆனா நவம்பர்னா இன்னொண்ணு இருக்கு. வடகிழக்குப் பருவமழை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல மண்ணோ மரமோ சரிஞ்சு விழுந்தா ரயிலை ரத்து பண்ணிருவாங்க, சில சமயம் நாள்கணக்குல. முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடி திறக்கும், டிக்கெட் கெடைச்சாலும் அதை மட்டும் நம்பி வராதீங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து பஸ்ஸுல 51 கிலோமீட்டர், ரெண்டு, ரெண்டரை மணி நேரம்.

கொண்டை ஊசி வளைவுல லேப்டாப்பைத் தொறக்காதீங்க. கண்ணு திரையில நிக்குது, காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் வளையுது வளையுதுங்குது, ரெண்டும் ஒத்துப்போகாமதான் குமட்டல் வருது. போன்ல படிச்சாலும் அதே கதை. முன் சீட்டு, தூரத்துல பார்வை, வயித்துல ரெண்டு இட்லி. வாந்தி மாத்திரைன்னா ஏறுறதுக்கு அரை மணி முன்னாடி போடணும், ஆனா தூக்கம் சொக்கும்ங்க. மலைப்பாதையில சிக்னல் விட்டு விட்டு வரும், சிக்னலைத் தேடித் தேடியே போன் பேட்டரி எறங்கும். அதனால மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி வரைக்கும் ஆபீஸ் வேலைக்குன்னு ஒரு நிமிஷம்கூட கணக்குல வெச்சுக்காதீங்க.

கார்ல வர்றதா இருந்தா சொந்தக் காரோ வாடகைக் காரோ இ-பாஸ் எடுக்கணும். 2024 மே மாசத்துல இருந்து ஐகோர்ட் உத்தரவு. பஸ்ஸு, ரயிலுக்கு வேண்டாம். தண்ணிக்கு வீட்டுல இருந்தே ஸ்டீல் பாட்டில். பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு மாவட்டத்துல தடை இருக்கு, செக்போஸ்ட்லயே வாங்கி வெச்சுக்குவாங்க.

தங்கற எடம்தான் பெரிய விஷயம். "மண்டபத்துல இருந்து 2 கிலோமீட்டர்"னு போட்டிருப்பாங்க, அது ஏத்தமா எறக்கமான்னு போட மாட்டாங்க. ஆறு மணிக்கு இருட்டிரும், மஞ்சு, அதான் மூடுபனி, எறங்குனா பத்தடி தெரியாது. ராத்திரி ஒம்பதுக்கு மேல ஆட்டோ கெடைக்கறது கஷ்டம், போன் ஆப்புல கார் வரும்னு நம்பாதீங்க. கூட தங்கறவங்க நாலஞ்சு பேரு சேந்து, ஒரு டிரைவர் நம்பரை முதல் நாளே வாங்கி, திரும்பற நேரத்தைச் சொல்லி வெச்சிருங்க. நடந்து போற தூரத்துல ரூம் கெடைச்சா ஐந்நூறு ரூபாய் கூடன்னாலும் எடுங்க. பகல்ல அரை மணி கெடைச்சாலும் ரூமுக்குப் போய் ஒரு வேலையை முடிச்சுட்டு வரலாம்.

அப்புறம் உங்க கூட்டாளிங்க போட்ட பிளான். தொட்டபெட்டா 10 கிலோமீட்டர்தான், ஆனா பார்க்கிங், கூட்டம் எல்லாம் சேத்து மூணு மணி நேரம் போயிரும். அதுல நவம்பர்ல மேல போனா மஞ்சு மட்டும்தான் தெரியும், பாதி நாளு. பைக்காரா ஒரு பக்கமே 20 கிலோமீட்டர், அரை நாள் போச்சு. ரெண்டையும் விடுங்க. சனிக்கிழமை கருத்தரங்கு பஸ்ஸே லோக்கல் விசிட் கூட்டிட்டுப் போகும், பெரும்பாலும். அதுல ஏறுங்க. நாலு பேரு தனிக் கார்ல போனா அதே நாலு மூஞ்சி. பஸ்ஸுல நாப்பது பேரு, எறங்கி ஏறும்போதெல்லாம் வேற சீட்டுல உக்காரலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

அப்படி ஒண்ணும் ஏற்பாடு இல்லைன்னா ஊட்டியில இருந்து குன்னூருக்கு மட்டும் ரயில். லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன், குன்னூர். ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல. எதிரும் புதிருமா உக்காந்து பேசிட்டே போலாம், திரும்ப பஸ்ஸு. கூப்பிட்டா யாரும் வரமாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

ஸ்வெட்டர் மட்டும் போதாது. ராத்திரி பத்து டிகிரிக்குப் பக்கத்துல இருக்கும், மழையும் சேந்தா காது, தொண்டை ரெண்டும் போயிரும். மஃப்ளர், குடை, ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலா.

இரவுப்பூ எழுதியது:

விடியற்காலை வேலையை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரவு விருந்து பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை, கேட்டவருக்கு அதுதான் முக்கியக் கேள்வி.

பலரும் முதல் நாள் களைப்பு என்று அறைக்குப் போய்விட்டு, கடைசி இரவு கேம்ப் ஃபயரில் பழகிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். இது தலைகீழ். முதல் இரவில் யாருக்கும் யாரையும் தெரியாது, எந்த மேசையிலும் தட்டோடு போய் நிற்கலாம். இரண்டாம் இரவுக்குள் அதே பல்கலைக்கழகம், அதே மாவட்டம், அதே மொழி என்று வட்டம் போட்டுவிடுவார்கள். அப்புறம் உள்ளே போவது கடினம். எனவே வியாழன் இரவு இருங்கள், முழுதாக இருங்கள். போஸ்டர் பார்த்தவர்கள் அங்கேயே இருப்பார்கள், பேச்சு அறுந்த இடத்திலிருந்து தொடரும்.

வியாழன் இரவு 9.30க்குள் கிளம்பிவிடுங்கள், மறுநாள் 5.30க்கு எழ வேண்டும். குரலையும் பார்க்க வேண்டும். கேம்ப் ஃபயர் என்றால் ஈர விறகின் புகை, ஒலிபெருக்கிக்கு மேல் கத்திப் பேசுவது, முன்னால் சூடு, முதுகில் பனி. மறுநாள் பேச வேண்டியவர் நெருப்பின் பக்கம் போக வேண்டாம், உணவு மேசையின் பக்கமே நில்லுங்கள். வெள்ளி இரவு பேச்சு முடிந்திருக்கும், விருப்பம்போல் இருக்கலாம்.

மது வைப்பவர்களும் உண்டு. உயரத்தில் தூக்கமே லேசு, குடித்தால் அதுவும் உடையும், மறுநாள் தலைவலி இரட்டிப்பாகும். வேண்டாம் என்றால் கையில் ஏதாவது ஒரு கோப்பை வைத்திருங்கள், சுக்குக் காபியானாலும் சரி. காலிக் கையோடு நிற்பவரைத்தான் வற்புறுத்துவார்கள். காரணம் விளக்க ஆரம்பித்தால் விவாதமாகும். "காலையில் ஒரு வேலை இருக்கு சார்" என்றால் போதும்.

பெண்களுக்கு ஒன்று: விருந்து வேறு இடத்தில் என்றால் திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு, எந்த விடுதிகள் வழியாகப் போகும் என்பதை மதியமே பதிவு மேசையில் கேட்டுவிடுங்கள். "எல்லாரும் முடித்ததும் கிளம்பும்" என்பது பதில் அல்ல. முதல் வண்டி 9 மணிக்கு வேண்டும் என்று நான்கு பேர் சேர்ந்து கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு கணக்கு. ஒரு வேளை உங்கள் ஆபீஸ் ஆட்களோடு, மற்ற எல்லா வேளையும் பிறரோடு. இதைக் கூட வருபவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். எந்த வேளை என்றால் புதன் இரவு. அன்றைக்கு வேறு யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

ஒருவரோடு பேசி முடித்த உடனே அவர் தந்த அறிமுக அட்டையின் பின்னால் மூன்று சொல் எழுதுங்கள்: "அமில மண், சுண்ணாம்பு அளவு, தரவு கேட்டார்" என்பதுபோல. மறுநாள் அட்டைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அனுப்புகிறேன் என்று சொன்னதை சனிக்கிழமை விடியலில் அனுப்புங்கள், சென்னை போய் என்றால் போகவே போகாது.

மண்வாசம் எழுதியது:

மிக்க நன்றி. புதனுக்கு டிக்கெட்டை மாற்றிவிட்டேன். இன்னும் மூன்று சந்தேகம். போஸ்டரைத் துணியில் அச்சடிக்கலாமா, காகிதமா? சனி மதியமே நழுவினால் சான்றிதழ் தருவார்களா? வீட்டில் எல்லாரும் ஊட்டி என்றதும் கிளம்பத் தயாராக இருக்கிறார்கள், மனைவியும் ஏழு வயதுப் பெண்ணும். கூட்டி வரலாமா?

கரும்பலகை எழுதியது:

துணி. யோசிக்கவே வேண்டாம். மஞ்சு நுழையும் கூடத்தில் ஏ0 அளவுப் பெரிய காகிதம் ஒரு மணி நேரத்தில் ஈரம் குடித்து நெளியும், இரட்டைப் பக்க டேப் ஈரச் சுவரில் பிடிக்காது. துணியைப் பையிலேயே வைக்கலாம், குழாயைப் பஸ்ஸில் சுமக்க வேண்டாம். மடிக்காமல் உருட்டி வையுங்கள், மடிப்புக்கோடு விழாது. எட்டு குண்டூசி, நான்கு பைண்டர் கிளிப் நீங்களே கொண்டு போங்கள். அங்கே தருவது எப்போதும் இரண்டு ஊசிதான். அதே தலைப்பை ஏ4 தாளில் 15 பிரதி எடுத்துப் பக்கத்தில் வைத்தால், நின்று படிக்காதவர்களும் எடுத்துப் போவார்கள். போஸ்டர் முன்னால் நிற்க வேண்டிய நேரத்தில் மெயில் பார்க்க வேண்டாம். தலை குனிந்து நிற்பவரைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

சான்றிதழை நிறைவு விழாவில்தான் கொடுப்பார்கள், கருத்துப் படிவத்தை வாங்கிக்கொண்டு. ஆன் டியூட்டிக்கும் பயணப்படிக்கும் அது இல்லாமல் முடியாது. முன்பே கிளம்ப வேண்டியிருந்தால் வெள்ளிக்கிழமையே ஒருங்கிணைப்பாளரிடம் வருகைச் சான்று தனியாகக் கேளுங்கள். சனி மதியம் கேட்டால் கையெழுத்துப் போடுபவர் மேடையில் இருப்பார். பஸ் டிக்கெட்டின் அச்சு சில வாரத்தில் மங்கிவிடும், வாங்கியதும் படம் எடுத்துவிடுங்கள்.

குடும்பத்தைப் புதன்கிழமை கூட்டி வராதீர்கள். மூன்று நாளும் நீங்கள் மண்டபத்தில், அவர்கள் மழையில் அறைக்குள். விடியல் வேலை நேரமும் போகும், இரவு விருந்தும் போகும், வீட்டிலும் நல்ல பெயர் கிடைக்காது. சனிக்கிழமை காலை அவர்கள் கிளம்பி மாலைக்குள் வந்து சேரட்டும். ஞாயிறு முழுவதும் அவர்களுக்கு. தாவரவியல் பூங்கா சேரிங் கிராஸிலிருந்து நடக்கும் தூரம். 1848இல் போட்ட தோட்டம், குழந்தைக்கு அந்தப் புல்வெளி ஒன்றே போதும். ஊட்டி வர்க்கி பிஸ்கட் வாங்குவதானால் கிளம்பும் நாளில் வாங்குங்கள், ஊட்டி ஈரத்தில் நமுத்துவிடும்.

கேத்திக்காரன் எழுதியது:

ஞாயித்துக்கிழமை திரும்பறதா இருந்தா இதையும் பாத்துக்கோங்க. மேட்டுப்பாளையத்துல நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி ஒம்பதுக்கு மேல. ரெண்டரை மணி நேரம்தானேன்னு ஆறரைக்குக் கெளம்புனீங்கன்னா மாட்டிக்குவீங்க. ஞாயிறு சாயங்காலம் எறங்கற வண்டி எல்லாம் ஒரே நேரத்துல எறங்கும், மஞ்சும் அப்பத்தான் எறங்கும். நாலரைக்கு ஊட்டி பஸ் ஸ்டாண்டுல இருங்க. குன்னூர் ரோட்டுல மண் சரிவுன்னா கோத்தகிரி வழியா திருப்பி விடுவாங்க, பத்துப் பதினொரு கிலோமீட்டர் கூட. கெளம்பறதுக்கு முன்னாடி கண்டக்டர்கிட்ட எந்த வழின்னு கேட்டுட்டு ஏறுங்க. பாப்பாவுக்கு முன் சீட்டு.